அழுதால் போகக் கூடாது

என் அக்காவின் புருஷனைத் தெருவில் எல்லோரும் குஷன்காரர் என்றுதான் சொல்வார்கள். வேனோ ஆட்டோவோ பழைய பஸ்ஸோ, கிழிந்த சீட்டைக் கழற்றி வந்து அவர் வாசலில் போட்டால் போதும். ஸ்பாஞ்சை வெட்டி, ரெக்சின் போட்டு, ஓரத்தில் உருட்டுக் கரையாகப் பைப்பிங் வைத்துத் தைத்துப் புதுசு மாதிரி திருப்பிக் கொடுப்பார். நல்ல வேலைக்காரர். அதை நான் என்றைக்கும் இல்லையென்று சொன்னதில்லை. எனக்கு அவர்மேல் இருக்கிற கோபம் வேறு. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் நியாயமாகச் சொல்ல வேண்டுமென்றால் கொஞ்சம் முன்னாலிருந்து வர வேண்டும்.

அந்த வீட்டில் கை மாமாவுடையது, வாய் அக்காவுடையது. கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். முன்னறையில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். வாசலில் நாற்காலி போட்டு அக்கா வியாபாரம் பேசிக்கொண்டிருப்பாள். ஒருமுறை ஒரு வேன் டிரைவர் வந்து, புதுச் சீட்டு குத்துகிறது என்று சண்டை போட்டான். அக்கா அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பின்பாக்கெட்டுல இருக்கற பர்ச எடுத்து வெச்சிட்டு உக்காந்து பாருங்க தம்பி" என்றாள். அவன் எடுத்துவிட்டு உட்கார்ந்தான். அப்புறம் பர்சைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனான். இதை அக்கா எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள் என்று கணக்கே இல்லை. ஒவ்வொரு முறையும் மாமா மெஷினை நிறுத்திவிட்டு, முதல்முறை கேட்பதுபோல் சிரிப்பார்.

அந்த வாய்தான் முதலில் போனது. ஒரு காலையில் என்னோடு பேசிக்கொண்டே இருந்தவள் பாதியில் நிறுத்தி, நாற்காலியோடு சரிந்தாள். வலது கை போயிற்று, வலது கால் இழுத்துக்கொண்டது, பேச்சு மொத்தமாக நின்றுவிட்டது. டாக்டர்கள் முடிந்ததைச் செய்து வீட்டுக்கு அனுப்பியபோது அவளிடம் மிச்சமிருந்தது ஒரே ஒரு சத்தம். 'ஊ' என்று ஆரம்பித்து மூக்கு வழியாக இழுக்கும் ஒரு முனகல். தண்ணீருக்கும் அதுதான், கோபத்துக்கும் அதுதான், என்னைப் பார்த்ததும் வருகிற அழுகைக்கும் அதுதான்.

எங்களுக்கெல்லாம் அது ஒரே சத்தம். மாமாவுக்கு மட்டும் அதில் ஓர் அகராதியே இருந்தது. "இது ஃபேனக் கொறைக்கச் சொல்றா" என்பார், எழுந்து போய்க் குறைப்பார், அக்கா சமாதானமாகிவிடுவாள். "நீ வந்தா ஒரு மாதிரி இழுக்குறா, கவனிச்சியா சின்னவளே? அது உன்னத் திட்டறது" என்று என்னைக் கேலி செய்வார். வாயைத் திறக்காத மனிதர் அப்போதுதான் பேசப் பழகினார். இரண்டு பேர் பேச்சையும் அவரே பேசினார். எந்த வண்டி வந்தது, யார் என்ன குறை சொன்னான், அவனுக்கு அக்கா என்ன பதில் சொல்லியிருப்பாள் என்றெல்லாம் தைத்துக்கொண்டே அக்கா படுத்திருந்த நடு அறையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருப்பார்.

அவளுக்குத் தலை வாருவதும் குளிக்க வைப்பதும் அவர்தான். நான் பின்னிவிடுகிறேன் என்று போனால், "நீ பின்னினா இழுக்குதாம் அவளுக்கு" என்று சீப்பைப் பிடுங்கிக்கொள்வார். எனக்கு மூக்குக்குமேல் கோபம் வரும். உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருக்கும். என் வீட்டுக்காரர் நல்லவர்தான், ஆனால் படுத்துவிட்டால் கூரை இடிந்து விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டார். எனக்கு இப்படி ஒன்று வந்தால் என் கதி என்ன என்று நான் நினைத்துப் பார்த்ததுண்டு.

ராத்திரிக்கு என்று மாமா ஒரு ஏற்பாடு செய்திருந்தார். அக்கா கட்டிலில் படுப்பாள், இவர் பக்கத்தில் கீழே பாய் போட்டுப் படுப்பார். பகலெல்லாம் மெஷின் மிதித்த களைப்பில் முனகல் காதில் விழாமல் போய்விட்டால்? அதனால் ஒரு நைலான் கயிறு. சீட்டு ஸ்பிரிங்கை இழுத்துக் கட்டுவார்களே, அந்தக் கயிறு. ஒரு முனை அவர் மணிக்கட்டில், மறுமுனை அக்காவின் இடது மணிக்கட்டில். அவள் கை உரசிப் புண்ணாகக் கூடாதென்று ரெக்சினில் ஒரு பட்டை வெட்டி, உள்ளே மெல்லிய ஸ்பாஞ்ச் வைத்து, சுற்றிலும் பைப்பிங் போட்டு ஒரு வளையல் மாதிரி தைத்திருந்தார். வேன் சீட்டுக்குக்கூட அவர் அவ்வளவு நுணுக்கமாகத் தைத்து நான் பார்த்ததில்லை. அக்கா ஒரு சுண்டு சுண்டினால் போதும், எழுந்து நிற்பார். ஒரு ராத்திரிகூடத் தவறியதில்லை என்று அவர் சொல்வார். அது உண்மை.

நாய்க்குட்டியைக் கொண்டுவந்தது அவர்கள் மகள். கட்டிக்கொடுத்து வெளியூரில் இருக்கிறவள், லீவுக்கு வந்தபோது ஓர் அட்டைப்பெட்டியைத் தூக்கி வந்தாள். பகலில் அப்பா வேலையாக இருக்கிறார், அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறாள், துணைக்கு ஒன்று இருக்கட்டும் என்று. பெட்டியைத் திறந்தால் உள்ளங்கையில் அடங்குகிற பழுப்பு உருண்டை ஒன்று. எனக்கு எரிச்சலாக இருந்தது. இருக்கிற வேலை போதாதென்று இதற்கு வேறு யார் துடைப்பது?

அது கட்டிலில் ஏறி, அக்காவின் போர்வைக்குள் புகுந்து, வழி தெரியாமல் கழுத்துப் பக்கமாகத் தலையை நீட்டித் தும்மியது. அக்கா சிரித்துவிட்டாள். வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டாலும் சிரிப்பு சிரிப்புதான். படுத்த நாளிலிருந்து அவள் சிரித்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை. மாமா கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே போட்டுவிட்டு வந்து நின்றார். "ஏய், சிரிக்கிறாடி, பாருடி, சிரிக்கிறா" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். அதோடு என் எரிச்சல் போய்விட்டது. நாய்க்குட்டி அந்த வீட்டில் இருந்தே ஆக வேண்டும் என்று அன்றைக்கு எல்லோருக்கும் தோன்றியது.

மேல்வீட்டில் இருந்த வீட்டுச் சொந்தக்காரருக்கு மட்டும் தோன்றவில்லை. மகள் ஊருக்குப் போன அன்று ராத்திரியே குட்டி ஊரைக் கூட்டியது. அக்கா கட்டிலிலேயே படுக்க வைக்கலாமென்றால், அவள் தூக்கத்தில் அதன்மேல் சாய்ந்து, நகர முடியாமல் நசுக்கிவிட்டால் என்ன செய்வது என்று மாமாவுக்குப் பயம். பின்னால் சமையலறையில் சாக்கு விரித்துப் படுக்க வைத்து, வாசல்படிக்குக் குறுக்கே முழங்கால் உயரத்துக்கு ஒரு பிளைவுட் பலகை வைத்திருந்தார். அது விடிய விடிய அழுதது. காலையில் சொந்தக்காரர் இறங்கி வந்தார்.

"உங்க சம்சாரம் உடம்பு சரியில்லாதவங்க, அதுக்காக எவ்வளவோ பொறுத்துக்கறேன். நாயையுமா பொறுத்துக்க முடியும்? ரெண்டு மூணு நாள் பாப்பேன். அடங்கலன்னா கொண்டுபோய் விட்டுடுங்க."

"அடங்கிடும் சார். அடக்கிடறேன்" என்றார் மாமா. நடு அறையில் அக்கா குட்டியை மடியில் வைத்து, இடது கையால் காதைத் தடவிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் எல்லாம் கேட்டது.

மாமா அன்றே குட்டியைத் தூக்கிக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போனார். ஊசி போடுகிற பையன் ஆறுதலாகத்தான் பேசியிருக்கிறான்.

"தாயப் பிரிஞ்சு வந்தது, அழத்தான் செய்யும். நீங்க போய்த் தூக்கினீங்கன்னா, அழுதா ஆள் வரும்னு கத்துக்கும். அப்புறம் ஜென்மத்துக்கும் விடாது. காது கேக்காத மாதிரி படுத்துக்குங்க. மூணாவது நாள் தானா அடங்கிடும். ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க. அடங்கறதுக்கு முன்னாடி கடைசியா ஒரு தடவ ரொம்பப் பரிதாபமா அழும். உசுரே போற மாதிரி இருக்கும். அதுலதான் எல்லாரும் ஏமாந்து எழுந்து போயிடுவாங்க. நீங்க போயிடாதீங்க."

பையன் நாயைப் பற்றிச் சொன்னான். அந்த வீட்டில் முனகுவதற்கு இன்னொரு வாய் இருக்கிறதென்று அவனுக்கு யார் சொன்னார்கள்?

அன்றைக்கு ராத்திரி மாமா பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தார். அவர் போகாமல் இருந்துவிடுவார். அக்கா விட்டால்தானே? குட்டி ஒரு தரம் முனகினால் இவள் கயிற்றை ஒரு சுண்டு சுண்டுவாள். போய்ப் பார் என்று அர்த்தம். இவர் எழுந்து அவளுக்குத் தண்ணீர் வேண்டுமா, பாத்ரூம் போக வேண்டுமா என்று கேட்பார். அவள் சமையலறைப் பக்கம் கையைக் காட்டுவாள். "போகக் கூடாது புள்ள, போனா பழகிடும்" என்று சொல்லிவிட்டுப் படுப்பார். மறுபடியும் சுண்டுவாள். இவர் எழுந்திருக்கிற சத்தம் கேட்டதும் ஓய்ந்திருந்த குட்டி மறுபடி ஆரம்பிக்கும். கடைசியில் விடியும் நேரத்தில் தோற்றுப்போய் அதைத் தூக்கி வந்து அக்கா மடியில் போட்டார். இரண்டு பேருக்கும் திருப்தி. மேலேயிருந்து சொந்தக்காரர் தரையில் எதையோ வைத்துத் தட்டினார்.

அடுத்த நாள் மாமா முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. "இன்னைக்கு விட்டா அவ்வளவுதான் சின்னவளே. மேல்வீட்டு ஆளு கொண்டுபோய் விடச் சொல்லிட்டாரு. கொண்டுபோனா இவ மறுபடி செவுத்தப் பாத்துக்கிட்டு படுத்துடுவா. எனக்கு அதப் பாக்கத் தெம்பு இல்ல" என்றார். அவர் அப்படிச் சொன்னதை நான் மறைக்க மாட்டேன். அவர் செய்தது அத்தனையும் அவளுக்காகத்தான்.

அன்று ராத்திரி அவர் அக்காவுக்குச் சாப்பிடக் கொடுத்து, பாத்ரூம் கூட்டிப் போய் வந்து, கட்டிலில் படுக்க வைத்தார். தலைமாட்டில் கை எட்டும் இடத்தில் தண்ணீர் வைத்தார். பிறகு அவள் மணிக்கட்டிலிருந்த பட்டையைக் கழற்றினார். அவள் விடவில்லையாம். விரலை மடக்கி இறுக்கிப் பிடித்துக்கொண்டாளாம். ஒவ்வொரு விரலாகப் பிரித்துத்தான் எடுத்திருக்கிறார்.

"இன்னைக்கு ஒரு ராத்திரி மட்டும் புள்ள. நீ சுண்டிக்கிட்டே இருந்தா அது எப்படிப் பழகும்? காலையில மொத வேலையா மாட்டிவிட்டுடறேன். நாய்க்குட்டி வேணுமா வேணாமா உனக்கு?"

அக்கா என்னவென்று சொல்வாள்?

கயிற்றைச் சுருட்டி ஆணியில் மாட்டிவிட்டு, பாயை எடுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தார். தான் புரளுகிற சத்தம் குட்டிக்குக் கேட்கக் கூடாதல்லவா? நடு அறைக் கதவைச் சாத்தி, ஸ்பாஞ்ச் ஷீட்டுகளைக் கதவோடு சேர்த்து நிறுத்தி வைத்தார். வேலையில் கெட்டிக்காரர் என்று சொன்னேனே, அங்கேயும் கெட்டிக்காரத்தனம். ஸ்பாஞ்ச் பாதிச் சத்தத்தைக் குடித்துவிட்டது. அக்காவின் ஒவ்வொரு முனகலுக்கும் அர்த்தம் சொன்ன அந்தக் காதுக்கு, மீதிப் பாதியில் யார் குரல் என்று பிரிக்க வழியில்லாமல் போயிற்று.

கொஞ்ச நேரத்தில் முனகல் ஆரம்பித்தது. அவர் அசையவில்லை. நின்றது, மறுபடி வந்தது. பிறகு ஏதோ விழுந்த மாதிரி ஒரு சத்தம். பலகையைக் குட்டி தள்ளிவிட்டது என்று நினைத்தார். அதற்கப்புறம் வந்த அழுகை வேறு மாதிரி இருந்தது. நீளமாக, கீழே இறங்கிப் போய், மூச்சு வாங்கி, மறுபடி எழும்புகிற அழுகை. உசுரே போகிற மாதிரி இருந்ததாம். அவரே சொன்னார். பையன் சொன்னது அப்படியே நடக்கிறதே என்று நினைத்திருக்கிறார். இதில்தான் எல்லோரும் ஏமாந்துபோகிறார்கள், நான் ஏமாறக் கூடாது என்று தலையணையை எடுத்துக் காதில் அமுக்கிக்கொண்டார். கண்ணில் தண்ணீர் வந்ததாம், ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

அப்புறம் சத்தம் அடங்கியது. தலையணையை எடுத்துவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார். ஒன்றுமில்லை. ஜெயித்துவிட்டோம், இனி நாய்க்குட்டி நம் வீட்டில்தான் என்று நினைத்தபோது நெஞ்சு அப்படியே இளகிவிட்டதாம். காலையில் அக்காவிடம் எப்படிச் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே நிம்மதியாகத் தூங்கிவிட்டார். எத்தனையோ நாளுக்குப் பிறகு ஒரு முழுத் தூக்கம். அதை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

காலையில் மாமா போட்ட கூச்சல் கேட்டு, எதிர்வரிசையில் இருக்கிற என் வீட்டிலிருந்து தெருவைத் தாண்டி ஓடினேன். அக்கா சமையலறைத் தரையில் கிடந்தாள். பலகை சாய்ந்து கிடந்தது. கட்டிலிலிருந்து இறங்கி, சுவரைப் பிடித்து அவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறாள். வராத வலது காலைப் பலகைக்கு மேலே தூக்கி வைக்க முடியாமல் விழுந்திருக்கிறாள். இடுப்பு எலும்பு முறிந்துபோயிருந்தது. சில்லென்ற சிமெண்டுத் தரை. குளிரில் உடம்பு விறைத்துப்போய்க் கிடந்தாள், கண் மட்டும் அசைந்தது. அவள் இடது கை வளைவில் நாய்க்குட்டி சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. அழுத குட்டியைச் சமாதானப்படுத்தத்தான் போயிருக்கிறாள். அவள் பக்கத்தில் வந்ததும் அது அடங்கிவிட்டது. அதற்குப் பிறகு அழுதது முழுக்க அக்கா.

மாமா அவள் பக்கத்தில் முட்டிபோட்டு, "கூப்பிட்டியா புள்ள? நீயா கூப்பிட்ட?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவள் அவரைப் பார்த்தாள். சத்தம் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் எலும்புக்குக் கட்டுப் போட்டார்கள். படுத்த படுக்கையில் நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. நர்சு ஊசி குத்தினாலும், புரட்டிப் படுக்க வைத்தாலும் முகம் சுருங்குமே தவிர, அந்த 'ஊ' வரவே இல்லை. மாமா அந்தப் பட்டையை வீட்டிலிருந்து எடுத்து வந்து அவள் கையில் மாட்டி, மறுமுனையைத் தன் கையில் கட்டிக்கொண்டு கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். "சுண்டு புள்ள. ஒரே ஒரு தடவ சுண்டு. என்னத் திட்டவாவது செய்" என்று கெஞ்சுவார். அவள் விரல்கள் நன்றாகத்தான் இருந்தன. சுண்டவில்லை. அழுதாலும் ஆள் வராது என்று நாய்க்குட்டிக்குக் கற்றுக்கொடுக்கப் போனார். அதைக் கற்றுக்கொண்டது என் அக்கா.

அவள் போய்ச் சேர்ந்தாள். எல்லாம் முடிந்து மகள் ஊருக்குக் கிளம்பும்போது நாய்க்குட்டியை என்ன செய்வது என்று கேள்வி வந்தது. அதுவரை ராத்திரியில் மகள்தான் அதைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு படுத்திருந்தாள். அவள் வீட்டில் நாய் ஆகாது. மாமா மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார், தைக்கவில்லை.

"எங்கிட்டக் குடு. அவர் கையில குடுக்க மாட்டேன்" என்றேன், அவர் காதில் விழுகிற மாதிரியே. விழுந்தது. தலை இன்னும் கொஞ்சம் குனிந்தது. அக்கா சமையலறையில் விழுந்த நாளிலிருந்து அவர் தலையைச் சுவரில் முட்டிக்கொண்டு சொன்னதையெல்லாம் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். பதிலுக்கு ஒரு வார்த்தை அவரோடு பேசியதில்லை. கோபத்தில் பேசவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பேசினால் அழுதுவிடுவேன் என்றும் இருந்திருக்கலாம்.

எங்கள் வீட்டில் சமையலறை தெருப்பக்கம். குட்டியை அங்கே போட்டு, வாசலில் மணையை நிறுத்தி மறித்துவிட்டு வந்து படுத்தேன். புது இடம், விளக்கு அணைந்ததுமே ஆரம்பித்துவிட்டது. என் வீட்டுக்காரர் வழக்கம்போல் மரக்கட்டை. நான் விழித்துக்கொண்டு கிடந்தேன். எழுந்து போக மனம் வரவில்லை. உன்னால்தானே எல்லாம், அழு, நன்றாக அழு என்று இருந்தது. வாயில்லாத ஜீவனின்மேல் காட்டுகிற கோபமா இது என்றும் தெரிந்துதான் இருந்தது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

கதவைத் தட்டினார்கள். தட்டவில்லை, இடித்தார்கள். திறந்தால் மாமா. செருப்பில்லாமல் தெருவைத் தாண்டி ஓடி வந்திருக்கிறார், மூச்சு இரைத்தது. வலது மணிக்கட்டில் கயிறு அப்படியே கட்டியிருந்தது, மறுமுனை தரையில் இழுபட்டுக்கொண்டிருந்தது.

"அழுவுது" என்றார்.

"நாய்தான் மாமா. புது எடம். அழுது அடங்கிடும், நீங்க போய்ப் படுங்க."

"நாய்தானா?"

"நாய்தான்."

"போய்ப் பாத்தியா?"

எனக்குச் சுரீரென்று வந்தது. நீங்கள் எனக்குச் சொல்கிறீர்களா என்று கேட்க வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்தபிறகு கேட்க முடியவில்லை. அவர் என்னைக் குத்திக் காட்டவில்லை, என்னிடம் நியாயம் பேசவும் வரவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார்.

திரும்பி உள்ளே போனேன். விளக்கைப் போட்டு மணையை விலக்கினேன். குட்டி நடுங்கிக்கொண்டே வந்து என் காலடியில் விழுந்தது. தூக்கிக்கொண்டேன். அழுகை நின்றது. வாசலுக்கு வந்தேன். அவர் உள்ளே வராமல் படியிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"பாத்துட்டேன் மாமா. நாய்தான்."

"அங்க வேற யாரும் இல்லயே?"

"யாரும் இல்ல மாமா."

"சரி" என்றார். ஆனால் போகவில்லை.